மரத்தடிக்குத் திரும்பிய வாள்

மரத்தை வீழ்த்துதல் வேறு. வீழ்ந்த மரத்தைப் பலகையாக்குதல் வேறு. முன்னையதற்குக் கோடரியும் இருவரின் தோள்வலியும் சில மணிநேரமும் போதுமானவை. பின்னையதோ நாட்கணக்கில் நீளும் உழைப்பையும், கண்ணளவும் கையளவும் பிசகாத பயிற்சியையும், பல்லொழுங்கு குலையாத ஒரு வாளையும் வேண்டி நிற்பது. வீடு, கப்பல், வண்டி, பெட்டகம், சவப்பெட்டி என மனித வாழ்வின் தேவைகள் பலவும் பலகையையே நம்பியிருந்தபோதிலும், கைத்தொழில் வரலாற்றை எழுதியோர் நெசவுக்கும் இரும்புக்கும் அளித்த கவனத்தைப் பலகைக்குப் பெரும்பாலும் அளித்தாரில்லர்.

பலகையின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலிற் கேட்க வேண்டிய வினா எளியது: பலகை எங்கே அரியப்படுகின்றது? மரம் காட்டில் நிற்கின்றது. பலகை ஊரிலே தேவைப்படுகின்றது. ஒன்றில் வாள் மரத்திடம் செல்லல் வேண்டும். அன்றேல் மரம் வாளிடம் வருதல் வேண்டும். மிக நீண்ட காலமாக வாளே மரத்திடம் சென்றது. நீராலும் காற்றாலும் பின்னர் நீராவியாலும் இயங்கிய ஆலைகள் பெருகியபின் மரம் வாளிடம் வரத் தொடங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஒருவன் தோளிற் சுமந்து செல்லக்கூடிய சங்கிலி வாளும் அதனோடு பொருத்தும் சிறு சட்டமும் வாளை மீண்டும் மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை தொழில்நுட்ப மாற்றங்களாக மட்டுமே தோன்றும். ஆயின் அரியும் இடம் மாறியபோதெல்லாம் அம்மரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் உடன் மாறியது. இவ்வுண்மையை மேற்காபிரிக்க நாடாகிய கானாவின் அண்மைக்கால வரலாறு மிகத் தெளிவாகக் காட்டுகின்றது. அதனை விளங்கிக்கொள்வதற்கு முன்னைய கட்டங்களைச் சற்றுக் காணுதல் அவசியமாகும்.

வாள் இல்லாமலும் பலகை செய்யலாம். கி.பி. 820 அளவில் நோர்வேயிற் கட்டப்பட்ட ஓசெபேர்க் கப்பலின் ஓக் பலகைகள் வாளால் அரியப்பட்டவை அல்ல. அடிமரத்தை ஆப்புகள் அறைந்து, நடுவிலிருந்து வெளிநோக்கி ஆரை ஆரையாகப் பிளந்து, பின்னர் கோடரியாற் செதுக்கி அவற்றை ஆக்கினர். பிளவு மரத்தின் நாரோட்டத்தையே பின்பற்றுமாதலின் அப்பலகைகள் மெல்லியவாயினும் உறுதி மிக்கவை. ஆனால், நேரான நாருடைய பெருமரங்கள் மட்டுமே இம்முறைக்கு இசைவன. ஒரு பெருமரத்திலிருந்து கிடைப்பனவும் சில பலகைகளே. முறுக்குண்ட மரத்தையும் கணுவுள்ள மரத்தையும் பிளக்க முடியாது. அவற்றை அரியத்தான் வேண்டும்.

இவ்விடத்திலே நம்மவர் நன்கறிந்த ஒரு செய்தியை நினைவுகூர்தல் பொருந்தும். தொல்காப்பிய மரபியல், வயிரம் வெளியே உள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே உள்ளவற்றை மரம் என்றும் வகுக்கின்றது. இவ்வகுப்பின்படி பனை புல்லினத்தைச் சேர்ந்தது. தச்சனுக்கு இஃது இலக்கணச் செய்தி மட்டுமன்று. பனையின் வயிரம் வெளிவளையத்தில் அமைந்து நடுப்பகுதி சோறாக இருத்தலினால், அகன்ற பலகை அரிவதற்கு அது உதவாது; பிளந்து செதுக்கிக் கைமரமும் சலாகையுமாக ஆக்குவதற்கே உரியது. பனங்கூரைகள் மலிந்த யாழ்ப்பாணத்திலே கதவுக்கும் பெட்டகத்துக்கும் வன்னியின் முதிரையையும் பாலையையும் பிற மரங்களையும் நாட வேண்டியிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பண்டைய எகிப்தியரின் கல்லறை ஓவியங்களில், நிமிர்த்திக் கட்டிய மரக்கட்டையைத் தச்சன் ஒருவன் செம்பு வாளால் மேலிருந்து கீழாக அரியும் காட்சியைக் காணலாம். செம்பு மெல்லிய உலோகமாதலின், தள்ளும்போது வளையாதிருக்க, இழுக்கும்போது வெட்டுமாறு அவ்வாளின் பற்கள் அமைக்கப்பட்டிருந்தன. இரும்பும் உருக்கும் வந்தபின் வாள் நீண்டது. இருவர் பிடிக்கும் வாள் தோன்றியது. அதனோடு தோன்றியதுதான் மரமரியும் கிடங்கு.

கிடங்கு என்பது ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஆழமுள்ள நீண்ட குழி. அதன் குறுக்கே கட்டைகளையிட்டு, அவற்றின்மேல் அரிய வேண்டிய அடிமரத்தைக் கிடத்துவர். குழி தோண்டுவதற்கு வசதியற்ற இடங்களில் உயர்ந்த கவைகளை நாட்டி மரத்தை மேலே ஏற்றுவதும் உண்டு. மரத்தின் இரு முகங்களிலும் கரி பூசிய நூலைப் பிடித்துத் தெறித்துக் கோடிடுவர். மேலாள் மரத்தின்மேல் ஏறி நிற்பான். கீழாள் குழியுள் நிற்பான். வாள் கீழ்நோக்கி வரும்போதே வெட்டும். ஆகவே வெட்டும் வலிமை கீழாளுடையது. வாளை உயர்த்துவதும், அதனைக் கோட்டின் வழியே செலுத்துவதும், பற்களை அராவிக் கூராக்குவதும் மேலாளின் பொறுப்பு. அரிந்த இடம் நெருங்கி வாளைக் கவ்வாதிருக்கப் பின்னே ஆப்புச் செருகிச் செல்வர். அவ்வப்போது வாளுக்கு எண்ணெய் தடவுவர். தலையிலும் கண்ணிலும் மரத்தூள் சொரிய, நாள் முழுவதும் அண்ணாந்து நின்று இழுக்கும் கீழாளின் துன்பத்தைச் சொல்லத் தேவையில்லை. வாள் பெரும்பாலும் மேலாளுக்கே சொந்தம். கூலியிலும் மதிப்பிலும் அவனே முந்தியவன். ஒரே வாளின் இரு முனைகளையும் பிடித்திருந்த இருவரிடையே இத்துணை வேறுபாடு நிலவியமை, கைவினைஞர் சமுதாயத்தை ஏற்றத்தாழ்வற்ற ஒன்றாக எண்ணி ஏங்குவோர் கருத்திற் கொள்ள வேண்டியதாகும்.

எனினும் இம்முறையின் ஒரு பண்பு முக்கியமானது. கிடங்கைத் தோண்ட மண்வெட்டி போதும். வாளைத் தோளில் வைத்துக் கொண்டு போகலாம். மரம் நின்ற இடத்திலேயே, மரத்துக்குரியவனின் கண்முன்னே பலகை ஆகிவிடும். வெளியே போவது எடை குறைந்த பலகை. வெளிறும் தூளும் சிராயும் மரத்தடியிலேயே தங்கிவிடும். மரத்துக்குரியவன் பலகையை எண்ணிப் பார்த்துக் கணக்குத் தீர்க்கலாம். அரிவோர், சுமப்போர், வண்டிக்காரர் ஆகிய யாவரும் அவ்வூரிலோ அயலூரிலோ வாழ்வோர்.

இவ்வொழுங்கைக் குலைத்தது நீரும் காற்றுமாகும். நீர்ச்சில்லினால் இயங்கும் மரவாள் ஒன்றின் படத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் விலார் டி ஒனக்கூர் என்னும் பிரெஞ்சுக்காரர் தம் குறிப்பேட்டில் வரைந்துள்ளார். வாள் ஏறியிறங்குவது மட்டுமன்றி, மரம் தானாகவே வாளை நோக்கி நகரும் ஏற்பாடும் அப்படத்திற் காணப்படுகின்றது. மலையருவிகள் மலிந்த நோர்வேயில் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து நீர்வாள்கள் பெருகின. ஒல்லாந்திலோ அருவி இல்லை; காற்று உண்டு. ஊற்கேஸ்ற் என்னும் ஊரைச் சேர்ந்த கொர்னெலிஸ் கொர்னெலிசோன் என்பவர், காற்றாடியின் சுழற்சியை வளைதண்டின் உதவியால் வாளின் ஏற்ற இறக்கமாக மாற்றும் பொறிக்கு 1593 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்று, 1594 இல் முதலாவது ஆலையை அமைத்தார். அவ்வாலை மிதவை ஒன்றின்மேற் கட்டப்பட்டது. காற்று வீசும் திசைக்கேற்ப மிதவையையே திருப்புவர் என்பது சுவையான செய்தி. கையால் 120 நாள் பிடித்த 60 மரங்களின் அரிவு, காற்றாலையில் நான்கைந்து நாள்களில் முடிந்தது என்பது வரலாற்று நூல்களிற் பெரிதும் எடுத்தாளப்படும் கணக்காகும்.

அம்ஸ்ரடாம் நகரத்து மரமரிவோர் சங்கம் இவ்வாலைகளை எதிர்த்தது. அவ்வெதிர்ப்பும் ஒரு காரணமாக ஆலைகள் நகருக்கு வெளியே, சான் ஆற்றங்கரையிலே பெருகின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியில் இருநூறுக்கு மேற்பட்ட மரமரியும் காற்றாலைகள் இயங்கின. றைன் நதிவழியே ஜேர்மனியிலிருந்தும், கடல்வழியே நோர்வே, போல்ற்றிக் நாடுகளிலிருந்தும் மரங்கள் அங்கு வந்து குவிந்தன. கப்பல் கட்டும் கலையைக் கற்க விரும்பிய ருஷிய மன்னன் பீற்றர் 1697 இல் நாடிச் சென்றதும் அவ்வாற்றங்கரையையே. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் கடலாதிக்கத்துக்கு, மரத்தை மலிவாகவும் விரைவாகவும் பலகையாக்கிய இவ்வாலைகள் ஓர் அடிப்படையாக இருந்தன என்பதை நம் வரலாற்று மாணவர் மறத்தல் ஆகாது.

இங்கிலாந்திலே கதை வேறாக அமைந்தது. அங்கு கிடங்குவாட்காரர் நெடுங்காலம் நிலைத்திருந்தனர். சாள்ஸ் டிங்லி என்னும் வணிகர் இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியிற் கட்டிய காற்றாலையை, 1768 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம் நாள், ஏறத்தாழ 500 மரமரிவோர் திரண்டு சென்று உடைத்தனர். நெசவுப் பொறிகளை உடைத்த லடைற்றுகளைப் பாடநூல்கள் நன்கறியும். அவர்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே வாட்காரர் இதனைச் செய்தனர் என்பது பலர் அறியாதது. மறு ஆண்டே, 1769 இல், ஆலைகளை அழித்தலைக் கடுங்குற்றமாக்கும் சட்டமொன்றைப் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றியது. வாட்காரரின் செயலை அறியாமையின் விளைவு எனத் தள்ளிவிடுதல் எளிது. தம் வாளின் முனையிலிருந்து கூலி நழுவிச் செல்வதை அவர்கள் சரியாகவே கண்டனர். ஆலையின் பலகை மலிவானது என்பதும் உண்மை. அம்மலிவினாற் பயன்பெற்றோருள் அவர்கள் இல்லை என்பதும் உண்மை.

நீராவி வந்தபின் போட்டிக்கே இடமில்லாது போயிற்று. வட்டவாளும் பட்டைவாளும் சட்டவாளின் இடத்தைப் பிடித்தன. ஆலைகள் ஆற்றுமுகங்களிலும் துறைமுகங்களிலும் இரும்புப்பாதை ஓரங்களிலும் எழுந்தன. இந்நிலையில் மரம் தன் எடை முழுவதோடும் வாளிடம் வரவேண்டியதாயிற்று. அதற்கு ஆறு வேண்டும், யானை வேண்டும், பாதை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மூலதனம் வேண்டும். மூலதனமிட்டவன் தன் ஆலைக்குத் தடையின்றி மரம் கிடைக்கும் என்ற உறுதியை அரசிடம் கேட்டான். பெருங்காட்டுப் பரப்புகளை நீண்டகால உரிமைப்பற்றாகக் கம்பனிகளுக்கு அளிக்கும் முறை ஐரோப்பியரின் குடியேற்ற நாடுகள் பலவற்றிலும் வேரூன்றியது இப்பின்னணியிலேயே ஆகும். மரத்தடியில் வாழ்ந்தவன் இவ்வுடன்படிக்கைகளில் ஒரு தரப்பாக இருந்ததில்லை.

இனிச் சங்கிலி வாள். சங்கிலியிற் பல்வைத்து அரியும் கருத்து முதலில் எழுந்தது காட்டிலன்று, வைத்திய அறையிலே. 1830 அளவில் ஜேர்மானியரான பேர்ண்ஹார்ட் ஹைன என்பவர் எலும்பை அறுப்பதற்கு இத்தகைய கைப்பொறி ஒன்றை ஆக்கினார். மரத்துக்குரிய பொறி அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னரே வந்தது. 1926 இல் அந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் மின்சாரத்தில் இயங்கும் சங்கிலி வாளைச் செய்தார். 1927 இல் எமில் லேர்ப் என்பவர் பெற்றோலில் இயங்கும் ஒன்றைத் துரிங்கியாவின் டொல்மார் மலையிற் பரிசோதித்தார். இவை இருவர் தூக்க வேண்டிய பெரும் பாரங்கள். 1950 ஆம் ஆண்டளவிலேதான் ஒருவரே கையாளத்தக்க பொறிகள் சந்தைக்கு வந்தன.

பொறி இலகுவானாலும் சங்கிலியின் பற்கள் இடர் கொடுத்தன. பழைய சங்கிலியில் இருந்தவை கைவாளின் பற்களைப் போன்றவையே, விரைவில் மழுங்கின, அராவுவதற்கே பாதி நேரம் சென்றது. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து மரவெட்டியான ஜோசப் கொக்ஸ் என்பவர், 1946 இல், பட்டமரம் ஒன்றை வண்டின் புழு குடைந்து செல்வதைக் கூர்ந்து நோக்கினார். புழுவின் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் சீவிச் சென்றன. அதனையொட்டி இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி அமைந்த, சீவும் தன்மையுள்ள சங்கிலியை அவர் உருவாக்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் சங்கிலிகள் அதன் வழிவந்தனவே.

சங்கிலி வாள் மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்கு ஆக்கப்பட்டது. நெடுக்கே அரிந்து பலகையாக்குதல் அதன் இயல்புக்குச் சற்று மாறானது. நாரைக் குறுக்கே அறுப்பதற்கு ஏறத்தாழ 30 பாகை சாய்வாகத் தீட்டப்படும் பல், நாரின் வழியே செல்லும்போது பலகையின் முகத்தைக் கரடுமுரடாக்கும். ஆதலின் நெடுக்கு அரிவுக்கு 10 பாகை அளவில் தீட்டிய சங்கிலியே ஏற்றது. சட்டத்தின் வேலை இதனினும் எளியது. வாளின் நீண்ட தகட்டை மரத்தின்மேல் படுக்கையாகப் பிடித்து, பலகையின் தடிப்பு மாறாதபடி காக்கும் இரும்புச் சட்டம் ஒன்று தகட்டோடு இறுகப் பூட்டப்படும். முதல் அரிவுக்கு வழிகாட்டுவதற்கு நேரான பலகையோ ஏணியோ ஒன்றை மரத்தின்மேல் ஆணியடித்து வைப்பர். சட்டம் அதன்மேற் சறுக்கிச் செல்லும். அவ்வாறு சமமாக்கப்பட்ட முகமே அடுத்த அரிவுக்கு வழிகாட்டியாகும். அமெரிக்காவில் அலாஸ்கன் என்ற பெயரால் அறியப்பட்ட இத்தகைய சட்டங்கள், தன் வளவில் விழுந்த மரத்தைத் தானே பலகையாக்க விரும்பிய வீட்டுக்காரனுக்கும், பாதையற்ற மலைக்காட்டிற் குடிசை கட்டியவனுக்கும் பெரிதும் உதவின. மேலாளும் கீழாளும் ஒருவனாகவே ஆகிவிட்டனர். மரத்தூள் மட்டும் பழையபடி அவன்மேற் சொரிந்தது.

தூளின் அளவுதான் இம்முறையின் பெருங்குறை. வாள் செல்லும் வழியில் உள்ள மரம் முழுவதும் தூளாகும். சங்கிலியின் வழி ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் அகலமுடையது. மெல்லிய பட்டைவாளின் வழியோ 2 மில்லிமீற்றர் அளவினது. 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகைகளை அரியும்போது, சங்கிலி வாள் ஒவ்வொரு பலகைக்கும் 33 மில்லிமீற்றர் மரத்தை உண்ணும். அதாவது ஏறத்தாழ நாலிலொரு பங்கு தூளாகும். பட்டைவாளில் இவ்விழப்பு நூற்றுக்கு ஏழு வீதமளவே. தடித்த தீராந்திகளை அரியும்போது இவ்வேறுபாடு குறையும்; மெல்லிய பலகைக்கு அது பொறுக்க முடியாத இழப்பு. ஆயின் இக்கணக்கு ஆலை வாசலிற் போடப்படும் கணக்கு. மரத்தை ஆலைக்குக் கொண்டுசெல்வதற்கு வெட்டப்படும் பாதை, இழுவையில் நசியும் இளமரங்கள், சிறிதென்றும் கோணலென்றும் காட்டிலேயே கைவிடப்படும் கிளைமரம் ஆகியன அதிற் சேர்வதில்லை.

கானாவின் வரலாற்றிலே இவ்விரு கணக்குகளும் நேருக்கு நேர் மோதின. தங்கக் கரை என வழங்கிய அந்நாட்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மகோகனி மரம் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. ஆலைகளோடு கிடங்குவாள் தொழிலும் அங்கு நிலவியது. 1957 இல் நாடு சுதந்திரம் பெற்றபின், 1962 ஆம் ஆண்டின் உரிமைப்பற்றுச் சட்டம் இயற்கையாக வளர்ந்த வெட்டுமரங்கள் யாவற்றையும், பரம்பரைத் தலைமைப் பீடங்களின் பொருட்டுச் சனாதிபதியிடம் ஒப்படைத்தது. குடியேற்ற ஆட்சி நீங்கியபோதும் மரத்தின்மீதான பிடி தளரவில்லை. இறுகிற்று என்பதே பொருந்தும்.

இதன் விளைவை விவசாயியின் நிலையிலிருந்து நோக்குதல் வேண்டும். கானாவின் கொக்கோத் தோட்டங்களில் நிழலுக்காகப் பெருமரங்கள் விட்டு வைக்கப்படுவது வழக்கம். அம்மரத்தைக் கன்றாகக் கண்டு காத்தவன் விவசாயி. வெட்டும் உரிமை பெற்றவன் கம்பனிக்காரன். மரம் விழும்போது கொக்கோச் செடிகள் நசியும். இழப்பீடு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அற்பம். மரத்தால் வரும் வருவாய் பகிரப்படும் முறையை 1992 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வகுத்துள்ளது. நிருவாகச் செலவுக்கென 10 வீதம் கழித்தபின், எஞ்சியதில் 55 வீதம் மாவட்ட சபைக்கு, 25 வீதம் தலைமைப் பீடத்துக்கு, 20 வீதம் பாரம்பரிய அவைக்கு. விவசாயியின் பெயர் இப்பட்டியலில் இல்லை. ஆகவே பல விவசாயிகள் தம் தோட்டத்தில் முளைத்த நல்ல வெட்டுமரக் கன்றுகளை, கம்பனியின் கண்ணிற் படுமுன்னரே பிடுங்கியெறிந்தனர். மரத்தைக் காக்க எழுந்த சட்டம் மரக்கன்றைப் பிடுங்கச் செய்தது.

1980 களின் பொருளாதார நெருக்கடியினூடே சங்கிலி வாள் அரிவு பரவியது. 1983 இல் வறட்சியும் காட்டுத்தீயும் நாட்டை வாட்டின. அதே ஆண்டில் நைஜீரியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட பெருந்தொகையான கானா மக்கள் வேலையின்றித் திரும்பிவந்தனர். பொருளாதார மீட்சித் திட்டத்தின்கீழ் ஆலைகள் அந்நியச் செலாவணியை நோக்கி ஏற்றுமதிக்கே அரிந்தன. உள்ளூர்த் தச்சனுக்குப் பலகை தேவைப்பட்டது. விவசாயியிடம் மரம் இருந்தது. இடையில் ஒருவன் சங்கிலி வாளோடு வந்து நின்றான். பெரும்பாலும் அவ்வாள் அவனுக்குச் சொந்தமன்று, வாடகைக்குப் பெற்றது. சட்டமோ பாதுகாப்புக் கவசமோ இன்றி, கோடிட்ட மரத்தை வெறுங்கையின் திறத்தாலேயே அரிந்தான். பலகைகளைச் சுமையாட்கள் தலையில் ஏற்றிக் காட்டிலிருந்து பாதைக்குக் கொண்டுவந்தனர். விவசாயிக்கு அவன் பணமோ பலகையோ கொடுத்தான். தொகை சிறிதாயினும் அது கையோடு கிடைத்தது.

அரசு 1991 இல் சங்கிலி வாள்களைப் பதிவு செய்யும் விதிகளை ஆக்கியது. 1998 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் ஒருபடி மேற்சென்று, சங்கிலி வாளால் அரிந்த பலகையை விற்பதையே தடைசெய்தன. ஆலைகள் தம் பலகையில் 20 வீதத்தை உள்ளூர்ச் சந்தைக்கு வழங்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. காடு அழிகின்றது என்பதும், அரசுக்குரிய வரி இழக்கப்படுகின்றது என்பதும், மரம் வீணாகின்றது என்பதும் தடைக்குக் காட்டப்பட்ட காரணங்களாகும். இம்மூன்றும் பொய்யல்ல. பொலிசாரும் இராணுவத்தினரும் அடங்கிய குழுக்கள் காட்டுப்பாதைகளில் நிறுத்தப்பட்டன. வாள்களும் பலகைகளும் பறிமுதலாயின.

தடை விதித்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2010 இல் வெளியான ஆய்வொன்று, கானாவின் உள்ளூர்ச் சந்தையில் விற்பனையான பலகையில் ஏறத்தாழ 84 வீதம் சங்கிலி வாளால் அரியப்பட்டதே எனக் கண்டது. ஒரு நாட்டின் பள்ளிக்கூட மேசைகளும் வீட்டுக் கூரைகளும் சட்டவிரோதப் பலகையால் ஆகுமாயின், பிழை தச்சர்மீதோ வாட்காரர்மீதோ மட்டும் இருத்தல் இயலாது. ஆலைப் பலகை விலையுயர்ந்தது; அதன் நல்ல பகுதி கப்பலேறியது; உள்ளூருக்கு எஞ்சியவை கழிவுத் துண்டுகளே. மேலும், சட்டவிரோதமானவன் மரத்தைச் சிக்கனமாக அரிய மாட்டான். பிடிபடுமுன் முடிக்க வேண்டியவனுக்குச் சட்டத்தைப் பூட்டி முகம் சமமாக்கி அரிய நேரமில்லை. எடுத்துச் செல்லக்கூடிய நல்ல துண்டுகளை மட்டும் அரிந்து மற்றவற்றைக் கைவிடுவான். மரம் வீணாகின்றது என்று விதிக்கப்பட்ட தடையே வீணாதலைப் பெருக்கிற்று.

தென்னமெரிக்காவின் கயானா இதற்கு மாறான வழியிற் சென்றது. அங்கும் உள்ளூர்ப் பலகையின் பெரும்பகுதி சங்கிலி வாளாலேயே அரியப்படுகின்றது. ஆனால் அத்தொழிலுக்குச் சட்டத்தில் இடமுண்டு. சிறு வெட்டுநர் தனியாகவோ சங்கமாகவோ அரசகாட்டில் அனுமதி பெறலாம். வெட்டிய மரத்துக்கு இலக்கமிட்ட தகடு பொருத்தி வரி செலுத்தினால் பலகை சந்தைக்கு வரலாம். அங்கு முறைகேடு அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. எனினும் ஒரே பொறி ஒரு நாட்டிற் குற்றக்கருவியாகவும் மற்றொரு நாட்டில் தொழிற்கருவியாகவும் இருப்பதை நோக்குமிடத்து, வேறுபாடு பொறியில் இல்லை என்பது புலனாகும்.

இலங்கையின் நிலை இவ்விரண்டிலும் வேறானது. இங்கு வளவில் நிற்கும் மரம் வளவுக்காரனுடையது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா போன்றவற்றை அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கின்றது. காட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மரத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். இக்கட்டுப்பாடுகள் வெட்டுவதையும் ஏற்றிச் செல்வதையும் பற்றியவை. உடைமையைப் பற்றியவை அல்ல. உடைமை தன் கையில் இருப்பதனாலேயே நம் நாட்டு வீட்டுத் தோட்டங்களில் மக்கள் தேக்கையும் மகோகனியையும் வேம்பையும் நட்டு வளர்க்கின்றனர். கானாவிலும், 2002 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தனியார் நட்டு வளர்த்த மரங்களைக் கம்பனிகளின் வெட்டுரிமையிலிருந்து விலக்கிற்று. தானாக முளைத்த மரத்துக்கு அவ்விலக்கு இல்லை.

2007 முதல் கானாவிலும் கயானாவிலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன், ட்ரோபென்பொஸ் என்னும் அமைப்பு ஒரு முயற்சியில் ஈடுபட்டது. அவ்வமைப்பு ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்தது. சான் ஆற்றங்கரையின் வாரிசுகள் வாளை மரத்தடிக்கு அனுப்பும் பணியில் இறங்கியமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. அரிவோர், விவசாயிகள், தலைமைப் பீடத்தினர், ஆலைக்காரர், அரச அலுவலர் ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்திப் பேசவைத்ததோடு, கானாவின் வாட்காரரைக் குழுக்களாகத் திரட்டி, காட்டோரத்துக்கு இழுத்துச் செல்லக்கூடிய சிறு பட்டைவாள் ஆலைகளில் அவர்களுக்குப் பயிற்சியளிக்கவும் முயன்றனர். தூள் குறைந்தது; பலகையின் முகம் சீரானது. ஆயின் அப்பொறியின் விலை சங்கிலி வாளின் விலையினும் பன்மடங்கு. சட்டபூர்வமாக வெட்டுவதற்கு மரம் ஒதுக்கப்பட்டாலன்றி அக்கடனைத் தீர்க்க முடியாது; வெட்டுரிமையின் பெரும்பகுதியோ முன்னரே கம்பனிகளின் கையில் இருந்தது. வாடகை வாளோடு காட்டுக்குப் போனவருட் பலர் அதே வாளோடு தொடர்ந்து போயினர். தன் தோட்டத்து மரத்தைக் காட்டிக்கொடுத்த விவசாயிக்கு அவர்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போகும் சில பலகைகள், அரசியலமைப்பின் பங்கீட்டுப் பட்டியலில் இன்றளவும் இடம்பெறாத ஒரு பங்காகும்.